140 செ.மீ. தாண்டினால் பெரியவர் டிக்கெட்: கடலூரிலிருந்து தீம் பார்க் போக ஒரு கணக்கு

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. பிறந்தநாள்தோறும் பிள்ளைகளை நிலையோடு ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேலைப் படுக்கவைத்துப் போட்ட கோடுகள். இந்த ஏப்ரலில் பெரியவள் 142 செ.மீ., சின்னவன் 118 செ.மீ. பெண் நன்றாக வளர்கிறாள் என்று அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. தீம் பார்க் டிக்கெட் விலையைப் பார்த்த அன்றுதான், அந்த இரண்டு செ.மீ. எங்களுக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று புரிந்தது.

வொண்டர்லா தீம் பார்க்கில் வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம். அதிலிருந்து 140 வரை குழந்தை டிக்கெட். அதற்கு மேல் போனால், ஆறாம் வகுப்புப் படித்தாலும் பெரியவர்தான். குழந்தை டிக்கெட் என்றால் பஸ்ஸில் போல அரை டிக்கெட் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். கொஞ்சம்தான் குறையும்.

எங்கள் கையில் இருந்தது 10,000 ரூபாய். மாதம் ஆயிரமாகக் கட்டிவந்த சிறுசீட்டு முடிந்து வந்த பணம். ஆட்கள் ஐந்து பேர்: நான், அவர், இரண்டு பிள்ளைகள், அத்தை. அத்தைக்கு 66 வயது, முழங்கால் வலி. வீடு மஞ்சக்குப்பத்தில். பிள்ளைகள் கேட்டது தீம் பார்க். எந்தத் தீம் பார்க், எப்படிப் போவது என்று இரண்டு வாரம் பேசினோம், ஒரு பழைய டைரியில் கணக்கும் போட்டோம். எங்களைப் போலவே கடலூரிலோ புதுச்சேரியிலோ உட்கார்ந்து யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பெங்களூரை எடுத்துவிடலாம். அங்கே மைசூர் ரோட்டில் பிடதிக்குப் பக்கத்தில் இருக்கும் வொண்டர்லா 2005இலிருந்து நடக்கிறது. நம் ஊர்க்காரர்கள் பலர் போய்வந்த இடம். ஆனால் புதுச்சேரியிலிருந்து பெங்களூரே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அப்புறம் நகரத்தைக் கடந்து இன்னும் போக வேண்டும். ராத்திரி பஸ்ஸில் போய், குளித்து உடை மாற்ற ஒரு ரூம் போட்டு, திரும்பவும் ராத்திரி பஸ். சென்னைப் பக்கத்திலேயே அதே கம்பெனி திறந்த பிறகு எங்களுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. மேட்டுப்பாளையத்து பிளாக் தண்டர் ஊட்டிக்குப் போகிறவர்கள் வழியில் ஒரு நாள் ஒதுக்க நல்ல இடம். அதற்காகவே இங்கிருந்து கிளம்பினால் செலவு கட்டுப்படியாகாது. ஊட்டியையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் இ-பாஸை மறந்துவிட வேண்டாம், 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம்.

ஆக, மிச்சம் மூன்று வழிகள். திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த சென்னை வொண்டர்லா. ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரொம்ப நாளாக இருக்கும் வி.ஜி.பி., எம்.ஜி.எம். பார்க்குகள். மூன்றாவது, தீம் பார்க்கே வேண்டாம், உள்ளூரிலேயே சுற்றுவது. மூன்றாவதைச் சொன்னதும் பிள்ளைகள் முகம் தொங்கிவிட்டது. ஆனால் அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

வொண்டர்லாவை எல்லோரும் சென்னை வொண்டர்லா என்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு அது ஓ.எம்.ஆர். நெரிசலைத் தாண்டிப் போகிற தூரத்து இடம். தெற்கிலிருந்து போகும் நமக்கு அது சென்னைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய், அங்கிருந்து திருப்போரூர் பக்கம் திரும்பினால் போதும். எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர், புதுச்சேரியிலிருந்து இன்னும் குறைவு. ரைடுகள் ஓடத் தொடங்குவது காலை 11 மணி வாக்கில்தான். ஆகவே இருட்டோடு எழுந்து ஓட வேண்டியதில்லை. ஏழு மணிக்குக் கிளம்பினால் வழியில் டிபனும் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேரலாம். முதல் நாளே போய் மாமல்லபுரத்தில் ரூம் எடுக்கலாம் என்று அவர் சொன்னதை இந்த ஒரு காரணத்துக்காகவே அடித்தேன்.

திறந்தபோது டிக்கெட் 1,489 ரூபாயில் தொடங்கியது. ஆன்லைனில் முன்பதிவு செய்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. கல்லூரி அடையாள அட்டை இருந்தால் இருபது சதவீதம் வரை. தரை ரைடு, தண்ணீர் ரைடு எல்லாம் அந்த ஒரே டிக்கெட்டில் அடக்கம், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். நாள் முழுக்க ஓடியாடி ஏறுகிற வயதுக்கு இது நல்ல விலை என்றே சொல்வேன். ஆனால் ஏறாதவர்களுக்கும் அதே வாசலில்தான் டிக்கெட். அத்தைக்கு மூத்த குடிமக்கள் சலுகை கிடைக்கும், இலவசம் கிடையாது. ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து உள்ளே போய், ஒரு மர நிழலில் எங்கள் செருப்புகளையும் துண்டுகளையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போகிறார்.

சின்னவன் விஷயம் இன்னும் மோசம். பெரிய ரோலர் கோஸ்டர்களுக்கு அதே 140 செ.மீ.யைத்தான் கேட்கிறார்கள். அதாவது பெரியவளுக்கு முழு விலை கொடுக்கிறோம், அவள் முழுதும் ஏறலாம், சரி. 118 செ.மீ. இருக்கும் சின்னவனுக்குச் சின்னப் பிள்ளைகள் பகுதியும் சில தண்ணீர் விளையாட்டுகளும்தான். அக்கா மேலே தலைகீழாகப் போவதைப் பார்த்து அவன் கீழே நின்று அழுவான். அவனோடு நான் நிற்க வேண்டும். அப்போது என் டிக்கெட்டும் பாதி வீண்.

ஐந்து பேருக்குமான கணக்கு டைரியில் இப்படி வந்தது. முழு டிக்கெட் மூன்று, 4,467. சின்னவனுக்கும் அத்தைக்கும் சேர்த்து 2,400 என்று வைத்துக்கொண்டோம். ஆன்லைன் தள்ளுபடி போக ஆறாயிரத்துச் சொச்சம். எங்கள் தெரு டாக்சிக்காரர் டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் சேர்த்து ஐயாயிரம் கேட்டார். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே மதியச் சாப்பாடு, ஐஸ்கிரீம், தண்ணீர் என்று ஒன்றரை ஆயிரமாவது வேண்டும். லாக்கர் அது இதென்று ஒரு ஐந்நூறு. கூட்டினால் பதின்மூன்றாயிரம். ஐந்து பேரில் முழுசாக அனுபவிக்கப் போவது இரண்டு பேர்.

டாக்சிக்குப் பதில் பஸ்ஸில் போகலாமே என்று கேட்கலாம். போகும்போது பிரச்சினை இல்லை. திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, புதுச்சேரியில் ஈ.சி.ஆர். பஸ் மாறி, மாமல்லபுரத்தில் இறங்கி, திருப்போரூர் பக்கம் ஒரு மாற்று, கடைசித் தூரத்துக்கு ஆட்டோ. திரும்புவதுதான் கொடுமை. நாலு வருடம் முன்னால் சென்னைப் பக்கம் ஒரு பார்க்குக்கு அப்படித்தான் போனோம். பெயர் வேண்டாம். போன அன்று, பிள்ளைகள் எதிர்பார்த்துப் போன ரைடில் மூன்று பராமரிப்பு என்று போர்டு தொங்கியது. டிக்கெட் கிழித்த பிறகுதான் அந்தப் போர்டு கண்ணில் படும் இடத்தில் இருந்தது. அது போகட்டும். சாயங்காலம் ரோட்டில் வந்து நின்றால், புதுச்சேரி பஸ் எல்லாம் நிறைந்தே வந்தது. மூன்றாவது பஸ்ஸில் தொற்றி ஏறினோம். அப்போது மூன்று வயதாக இருந்த சின்னவன் என் தோளில் தூங்கிவிட்டான். ஈரத் துணிப் பையிலிருந்து சொட்டிய தண்ணீர், உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வேட்டியில் விழுந்துகொண்டே இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பையை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். மரக்காணம் தாண்டித்தான் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பஸ்ஸில் மிச்சம் பிடிக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் எனக்கு வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியிருந்தால் உங்கள் முடிவு வேறாக இருக்கலாம்.

இரண்டாவது வழி, வி.ஜி.பி.யும் எம்.ஜி.எம்.மும். எம்.ஜி.எம். முட்டுக்காட்டில், வி.ஜி.பி. அதைத் தாண்டி ஈஞ்சம்பாக்கத்தில். இரண்டுமே ஈ.சி.ஆர். ஓரத்தில் இருப்பதால் பஸ்ஸில் போகிறவர்களுக்குப் புதுச்சேரிக்கு அப்புறம் மாறுகிற வேலை இல்லை. டிக்கெட்டும் வொண்டர்லாவைவிடக் குறைவு. வி.ஜி.பி. என்றால் என் வயதுக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சிலை மனிதர்தான். என்ன சேட்டை செய்தாலும் இமைகூட அசைக்காமல் நிற்பார், நாங்கள் பள்ளிச் சுற்றுலாவில் போய் அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்துத் தோற்றவர்கள். அத்தை போன்றவர்களுக்கு வி.ஜி.பி. ஒத்துவரும். மரங்கள் இருக்கின்றன, பக்கத்தில் கடல். சின்னவன் உயரத்துக்கும் ஏற ரைடுகள் உண்டு. எங்கள் பெரியவள்தான் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் கிளாசில் நாலு பேர் வொண்டர்லா போய்வந்துவிட்டார்களாம். பன்னிரண்டு வயதுக்கு அது பெரிய காரணம், அதைக் கேலி செய்து பயனில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: பிள்ளைகள் எல்லோரும் 140க்குக் கீழே இருக்கும் வீடாக இருந்தால், நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். உயரக் கோட்டைத் தொடாத பிள்ளைக்குப் பெரிய ரோலர் கோஸ்டர் இருக்கும் பார்க்கும் இல்லாத பார்க்கும் ஒன்றுதான்.

சரி, மூன்றாவது வழி. கோடையில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஜெயன்ட் வீல், கொலம்பஸ், பிரேக் டான்ஸ், டோரா டோரா, மரணக் கிணறு, டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, எல்லாம் வழக்கம்போல. ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குப் போனாலும் இதே ராட்டினங்களைப் பார்க்கலாம். இதையெல்லாம் தீம் பார்க்கோடு ஒப்பிடுவதா என்று கேட்காதீர்கள். பணக் கணக்கில் இரண்டுக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கிறது. தீம் பார்க்கில் வாசலில் வாங்குகிறார்கள், பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு வாங்குகிறார்கள். ஏறுகிறவன் கொடுக்கிறான், ஏறாதவன் வேடிக்கை பார்க்கிறான். குறைவாக ஏறும் ஆட்கள் அதிகமுள்ள குடும்பத்துக்குப் பொருட்காட்சிதான் லாபம். நிறைய ஏறும் பிள்ளைக்கோ பொருட்காட்சிதான் நஷ்டம். சின்னவனை அவன் போக்கில் விட்டபோது ஒரு மணி நேரத்தில் 600 ரூபாய் காலி.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்னவன் ஜெயன்ட் வீலில் ஏற வேண்டும் என்றான். எனக்குத் தலை சுற்றும், அவர் அப்பளக் கடை வரிசையில் நின்றார். அத்தை, "வாடா, நான் வர்றேன்" என்று புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. மேலே போனதும் ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். கீழே இறங்கி வந்து, "தேவனாம்பட்டினம் வரைக்கும் விளக்கு தெரியுது, கடல்தான் கறுப்பா கிடக்கு" என்றார். ஐந்து பேருக்கு வொண்டர்லா என்ற பதின்மூன்றாயிரக் கணக்கு அந்த இடத்தில்தான் என் மனதில் உடைந்தது. அத்தைக்கு வேண்டியதும் பெரியவளுக்கு வேண்டியதும் ஒரே வாசலுக்குள் கிடைக்காது. எல்லோரும் ஒரே இடத்துக்குப் போனால்தான் குடும்பச் சுற்றுலா என்று நாங்களே போட்டுக்கொண்ட விதிதான் செலவை ஏற்றிக்கொண்டிருந்தது.

உள்ளூர் வழியில் பொருட்காட்சி மட்டும் இல்லை. நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகுத் துறைக்குக் கடலூர்–புதுச்சேரி பஸ்ஸே போகும். படகில் ஏறினால் ஆற்று முகத்துவாரத்தில் பாரடைஸ் பீச்சில் இறக்கிவிடுவார்கள். மணலில் பிள்ளைகளை விட்டால் அரை நாள் ஓடிவிடும். ஆனால் கடலில் இறங்கவிடாதீர்கள், அலை இழுக்கும் கடற்கரை. பிச்சாவரத்தில் படகுக்குக் கணக்கு, ஆளுக்கு இல்லை. துடுப்புப் படகாக எடுத்தால்தான் சுரபுன்னைக் காட்டுக்குள் குறுகலான வாய்க்கால்களில் போக முடியும், காலையில் போனால் வெயிலும் தெரியாது. எங்கள் வீட்டில் பெரியவள் இரண்டையும் பார்த்தாயிற்று. சின்னவன் பாரடைஸ் பீச் பார்த்ததில்லை.

கடைசியில் என்ன செய்யப்போகிறோம் என்றால், பிரிந்து போகிறோம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள், இருவருமே 140ஐத் தாண்டியவர்கள். அவர்களும் இதே யோசனையில் இருந்தார்கள். அண்ணனிடம் கார் இருக்கிறது. அண்ணன், எங்கள் வீட்டுக்காரர், மூன்று பிள்ளைகள், ஐந்து பேர் காரில் வொண்டர்லா. அவரும் பெரியவளும் கிளம்பி முதல் நாள் ராத்திரியே புதுச்சேரி போய்விடுவார்கள். அதே நாளில் நானும் அத்தையும் சின்னவனும் அண்ணியும் சுண்ணாம்பாறு. எங்கள் பங்குக்கு இரண்டு டிக்கெட் தள்ளுபடி போக 2,680. சாப்பாடு, லாக்கர் ஒரு ஆயிரம். பெட்ரோலில் பாதி ஆயிரம். சுண்ணாம்பாறு பஸ், படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து எப்படிப் போனாலும் இரண்டாயிரத்துக்குள். ஏழாயிரத்துக்கும் குறைவு. மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம் டைரிக்குள்ளேயே இருக்கிறது. சின்னவன் அதைத் தன் பணம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. காரில் போகும் கடலூர்க்காரர்கள் ஊரில் டேங்க் நிரப்பாதீர்கள். முள்ளோடையில் புதுச்சேரி எல்லை தொடங்கிவிடும், அங்கே வரி குறைவு, லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். எல்லையை ஒட்டிய கன்னியக்கோயில் என்றதும் அங்குள்ள மதுக்கடைகள் ஞாபகம் வருகிறவர்கள் இருக்கலாம், நான் பெட்ரோலைத்தான் சொல்கிறேன்.

நாள் பார்ப்பதில்தான் ரொம்பச் சண்டை. சனி ஞாயிறு போனால் வரிசையில் நிற்பதற்கே டிக்கெட் வாங்கிய மாதிரி. வரிசையைத் தாண்டிப் போகக் கூடுதல் விலையில் வேறு டிக்கெட் வைத்திருக்கிறார்கள். வாரநாளில் போனால் அந்தச் செலவு தேவைப்படாது. புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் புதுச்சேரிக்கு விடுமுறை, தமிழ்நாட்டுக்கு இல்லை. அன்று சென்னைப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், பார்க் காலியாக இருக்கும். நல்ல யோசனை என்று காலண்டரைத் திருப்பினால், 2026இல் இரண்டும் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து தொலைந்திருக்கின்றன. நவம்பர் எப்படியும் வேண்டாம், மழையும் புயலும் நம் கரைக்கென்றே வருகிற மாதம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயலில் அண்ணன் தெருவில் நின்ற தண்ணீரை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. கடலூர் மாவட்டத்துக்கு ஆருத்ரா தரிசனத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம், ஆனால் அது அரையாண்டு விடுமுறையை ஒட்டி வந்துவிடுகிறது, அப்போது எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அங்கேதான். கடைசியில் ஜூலையில் ஒரு புதன்கிழமை என்று வைத்தோம். நாலு பிள்ளைகளுக்கும் ஒரு நாள் லீவு. அண்ணிக்கு இதில் சம்மதமே இல்லை, பத்தாம் வகுப்புப் பையன் என்று இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் சரி என்றார்.

தண்ணீர் ரைடுகளுக்குப் பருத்தித் துணியோடு விடமாட்டார்கள், நைலான் மாதிரித் துணிதான் போட வேண்டும். சுடிதாரும் புடவையும் ஆகாது. இல்லாதவர்கள் அங்கேயே வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம், இரண்டும் தண்டச் செலவு. புதுச்சேரி ஞாயிறு சந்தையில் அண்ணி மூன்று பிள்ளைகளுக்கும் டீ ஷர்ட், ட்ராக் பேன்ட் எடுத்துவிட்டார். பெரியவளுக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

சின்னவன் இன்னமும் தினமும் கதவு நிலையில் போய் நின்று பார்க்கிறான். குதிகாலைத் தூக்கினால் 121 வருகிறது.

அத்தை நேற்று, வொண்டர்லா போகிறவர்களுக்குப் புளிசாதம் கட்டித் தருவதாகச் சொன்னார். அங்கே வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் அத்தை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ கார்லயே இருக்கட்டும். புளிசாதந்தானே, கெடாது. வெளியே வந்ததும் பசிக்கும் பாரு, அப்போ திங்கட்டும்" என்றார். இரண்டு டப்பாவை இப்போதே கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.